அடி ஓரிடம், வலி ஓரிடம்

புல்டோசரின் அண்டர்கேரேஜைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரும்பை மட்டும்தான் பார்க்கிறார்கள். செயின் லிங்க் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, புஷ்ஷைத் திருப்பிப் போடும் கட்டம் வந்துவிட்டதா, ஷூ பிளேட்டின் உயரம் என்ன, ஸ்ப்ராக்கெட் பல் கூராகிவிட்டதா என்று எல்லாவற்றுக்கும் ஓர் அளவும் பதிவேட்டில் ஒரு கட்டமும் உண்டு. ரோலரைத் தாங்கும் போகிக்கும் ட்ராக் ஃபிரேமுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ரப்பர் பேடுக்கும், ஈக்வலைசர் பாரின் மேலே இருக்கும் ரப்பருக்கும் பதிவேட்டில் ஒரு வரி கூட இருக்காது. "கிழிஞ்சா மாத்திக்கலாம்" என்பதுதான் பல இடங்களில் வழக்கம். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலும் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரிகளிலும் ஒப்பந்த டோசர்களுக்கு ஃபிட்டராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ரப்பர் கிழிந்தது கண்ணுக்குத் தெரியும் நாளில், செலவு வேறோர் இடத்தில் ஏற்கெனவே ஆரம்பித்திருக்கும்.

பழைய டோசர்களில் ரோலர்கள் ட்ராக் ஃபிரேமோடு நேராக போல்ட் போட்டு இறுக்கப்பட்டவை. கல்லில் ஏறினால் அந்த அடி அப்படியே ஃபிரேமுக்குப் போகும். 1977இல் கேட்டர்பில்லர் அறிமுகப்படுத்திய டி10, ஸ்ப்ராக்கெட்டைத் தரையிலிருந்து மேலே தூக்கி வைத்துச் செயினை முக்கோணமாக்கியது. ரோலர்களை ஆடும் போகிகளில் மாட்டி, இடையில் ரப்பரும் கொடுத்தது. கோமாட்சுவின் பெரிய டோசர்களிலும் பிற்பாடு போகி அமைப்பு வந்தது. இரண்டு ரோலர்கள் ஒரு கையில் இருக்கும். கை ஒரு பின்னில் ஆடும். கல் வந்தால் போகி மேலெழும்பி ரப்பரை அமுக்கும். இதனால் தரையோடு அதிகச் செயின் ஒட்டியிருக்கும், பிடிமானம் கூடும், ஆப்பரேட்டரின் முதுகெலும்பும் தப்பிக்கும்.

எஞ்சினுக்கு அடியில் குறுக்காகக் கிடப்பது ஈக்வலைசர் பார். நடுவில் மெயின் ஃபிரேமோடு ஒரு பின், இரு முனைகளிலும் இரண்டு ட்ராக் ஃபிரேம்கள். இடது பக்கம் பாறையில் ஏறினால் வலது பக்கம் இறங்கிக் கொடுக்கும். இந்த ஆட்டம் எல்லை தாண்டும்போது மெயின் ஃபிரேமில் இரும்போடு இரும்பு மோதாமல் தடுப்பது அந்த ரப்பர். மூன்றாவது தாங்கி, ஐட்லருக்குப் பின்னால் ட்ராக் ஃபிரேமுக்குள் ஒளிந்திருக்கும் ரீகாயில் ஸ்பிரிங். அது ரப்பர் இல்லை, முன்னாலிருந்து வரும் அடியை வாங்கும் எஃகுச் சுருள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அரியலூர்ப் பக்கம் ஒரு டோசரில் இடது பக்கம் ஒரே இடத்து ரோலர் மட்டும் ஆயில் கசிந்துகொண்டே இருந்தது. ரோலரை மாற்றினார்கள், கொஞ்ச நாளில் மறுபடி கசிவு. "அண்ணே, போன தடவ போட்டது புது ரோலர்தானே, இதுவும் ஒழுகுதே" என்றான் ஹெல்பர் பையன். முதலாளி ரோலர் விற்றவர் மேல் கோபமாக இருந்தார். நான் ரோலரை விட்டுவிட்டு, அதற்கு மேலே இருக்கும் போகியின் ஸ்டாப்பரைச் சுரண்டிப் பார்க்கச் சொன்னேன். சுற்றிலும் துருவும் மண்ணும் இருக்க, ஒரு கை அகலத்துக்கு இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. ரப்பர் பார்வைக்கு முழுசாகத்தான் இருந்தது. ஆனால் அமுங்கி அமுங்கி உயரம் செத்துப்போய், ஒவ்வொரு கல்லுக்கும் போகி நேராக ஃபிரேமில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த அதிர்ச்சியில் ரோலருக்குள் இருக்கும் ஃப்ளோட்டிங் சீல் முகம் விலகுகிறது, ஆயில் வெளியே வருகிறது. மூட்டு ஜவ்வு தேய்ந்தவர் இடுப்பு வலி என்று மருத்துவரிடம் போவது போலத்தான் இது. வெளியே வந்த ஆயில் மேலே தெறித்து, மிச்சமிருந்த ரப்பரையும் ஊதவைத்து மென்மையாக்கிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து, ஒரே இடத்தில் இரண்டாவது முறை ரோலர் கசிந்தாலோ கார்டு போல்ட் தளர்ந்தாலோ, மாற்று உதிரியைக் கேட்பதற்கு முன் அதற்கு மேலே உள்ள பேடைப் பார்க்கிறேன். இந்த வேலைக்கு நேரம் ஒதுக்கத் தயங்கவே கூடாது. ஒரு டோசரின் பராமரிப்புச் செலவில் பாதி வரை அண்டர்கேரேஜே தின்றுவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த கணக்கு. அதில் ரப்பரின் பங்கு மிகச் சிறியது. அது காப்பாற்றும் பங்கு மிகப் பெரியது.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை: ரப்பர் இரும்புத் தகட்டோடு ஒட்டியிருக்கும் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்குப் பிரிந்திருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் பிதுங்கியிருக்கிறதா, பக்கத்தில் கறுப்புத் தூள் கொட்டியிருக்கிறதா. மேலாக ஓடும் மெல்லிய வெடிப்புகள் வெயிலாலும் காற்றாலும் வருவன, அவற்றுக்கு நான் பதறுவதில்லை. தகட்டிலிருந்து பிரிவதுதான் ஆபத்து. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, போகிக்கும் ஸ்டாப்பருக்கும் உள்ள இடைவெளியை இடது, வலது இரண்டிலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் உயரம் குறைந்த பக்கம் சாகத் தொடங்கிவிட்டது. ஆப்பரேட்டரையும் கேட்க வேண்டும். "ரிவர்ஸ்ல வரும்போது கீழ டங்குனு ஒரு சத்தம் வருதுங்க" என்று அவர் சொல்வது எந்தக் கருவியும் காட்டாத தகவல்.

ரப்பர் ஏன் சீக்கிரம் சாகிறது என்பதில் மண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடப்பது கடலூர் மணற்பாறை. இரும்பை அரம் போட்டது போல் தேய்க்கும்; பக்கெட் பற்களும் ஷூ பிளேட்டும் அதில்தான் கரைகின்றன. அங்கே ரப்பரை விட இரும்பு முந்திக்கொள்ளும். அரியலூரில் தலைகீழ். கீழே கல், மேலே கரிசல். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் போகியைச் சுற்றி அப்பி, வெயில் அடித்ததும் செங்கல்லாகிவிடும். ரப்பரைப் பற்றிப் பலர் அறியாத ஒன்று: அதை அமுக்கினால் அதன் கனஅளவு குறையாது. பக்கவாட்டில் பிதுங்க இடம் இருந்தால்தான் அது அமுங்கும். சுற்றிலும் மண் இறுகிவிட்டால் பிதுங்க வழியில்லை, ரப்பர் கட்டை இரும்புக் கட்டைக்குச் சமமாகிவிடும். எனவே மழைக்காலத்தில் ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும், மண் ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியால் வழித்துவிட வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கடப்பாறை தேவைப்படும்.

மண்ணைக் கழுவ டீசல் அடிப்பது எல்லா ஷெட்டிலும் உள்ள கெட்ட பழக்கம். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதும். தண்ணீரே போதும்.

அடுத்தது வேகம். மண்ணைத் தள்ளும்போது முதல் கியரில் நிதானமாகப் போகிற வண்டி, திரும்பி வரும்போது நேரம் மிச்சம் பிடிக்க மூன்றாம் கியர் ரிவர்ஸில் கற்கள் மேல் பறக்கும். போகி ரப்பர் வாங்கும் அடியில் பெரும்பகுதி அந்த வெறும் பயணத்தில்தான். வேகமாக அமுங்கி விரியும் ரப்பர் உள்ளுக்குள்ளேயே சூடாகும். சூட்டை எளிதில் வெளியே விடாத பொருள் அது. நீண்ட தூரம் டோசரை ஓட்டிக்கொண்டு போவதைவிட டிரெய்லரில் ஏற்றுவது நல்லது. முடியாவிட்டால் இடையிடையே நிறுத்தி ஆறவிட வேண்டும்.

இனி மாற்றும் வேலை. சுமார் 40 டன் இரும்பைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்வது இது. முன்னே பிளேடையும் பின்னே ரிப்பரையும் ஊன்றி வண்டியைத் தூக்குவது சுலபம். ஆனால் ஹைட்ராலிக் தூக்கியதை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. சிலிப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பாரத்தைக் கட்டையில் இறக்கிய பிறகுதான் கை உள்ளே போகலாம். எந்த இடத்தில் முட்டுக் கொடுப்பது என்று ஷாப் மேனுவலில் படம் இருக்கும், அதைப் பார்த்துச் செய்யுங்கள். பாரம் நீங்கியதும் போகிகள் பின்னில் தாமாக ஆடும். விரல் நசுங்குவது பெரும்பாலும் அப்போதுதான். முதலில் அவற்றைச் சங்கிலி போட்டுக் கட்டிவிடுவேன்.

செயினைத் தளர்த்தும்போது கிரீஸ் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். உள்ளே இருக்கும் அழுத்தத்தில் வால்வு குண்டாகப் பாயும். முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள். கிரீஸ் வராவிட்டால் வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள், வால்வை மேலும் கழற்றாதீர்கள். ரீகாயில் ஸ்பிரிங் பல டன் விசையில் அமுக்கி வைக்கப்பட்டது. உடைந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால் அந்த வேலையை அதற்கான பிரஸ் உள்ள ஒர்க்ஷாப்புக்கு அனுப்பிவிடுங்கள். குவாரியில் வைத்து அதன் போல்ட்டைக் கழற்ற முயல்வது உயிரோடு விளையாடுவது. இதில் நான் யாரோடும் சமரசம் செய்ததில்லை.

பழைய பேடைக் கழற்றியதும் அது உட்கார்ந்த இடத்தைத் துரு போகச் சுரண்டி, நேர்கோல் வைத்துப் பாருங்கள். இரும்பில் பள்ளம் விழுந்திருந்தால் வெல்டிங் வைத்து நிரவித் தேய்த்த பிறகே புதியதைப் போட வேண்டும். வெல்டிங் வேலை எல்லாம் ரப்பர் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அந்தச் சூட்டில் ரப்பருக்கும் தகட்டுக்கும் உள்ள ஒட்டு விட்டுப்போகும். கிழிந்த ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம். புதியது உயரமாக நின்று பக்கத்துப் பாரத்தையும் சேர்த்துச் சுமந்து முதலில் சாகும். குறைந்தது ஒரு பக்கம் முழுவதையும், முடிந்தால் இரு பக்கத்தையும் சேர்த்து மாற்றுங்கள். மலிவான பேடுகளில் பல கல்லாய் இறுகியவை. ரப்பரின் கடினத்தை அளக்கும் கைக்கருவி ஒன்று ஷெட்டில் இருந்தால் வாங்கும்போதே தெரிந்துவிடும். வாங்கியதை வெயிலிலோ வெல்டிங் மெஷின் பக்கத்திலோ போட்டு வைக்காதீர்கள். போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

எல்லாம் பூட்டியதும் செயின் தொய்வைச் சரிபார்க்க வேண்டும். நான் அதிகம் வேலை பார்த்த கோமாட்சு வகை டோசர்களில், கேரியர் ரோலருக்கும் ஐட்லருக்கும் நடுவே நேர்கோல் வைத்தால் 20 முதல் 30 மி.மீ. இடைவெளி இருக்கும். அதற்குமேல் இறுக்கினால் செயினே போகியைப் பிடித்துக்கொள்ளும், புது ரப்பர் வேலை செய்யாது. பிறகு ஒரு சிலிப்பர் கட்டையின் மேல் இரு பக்கத்தையும் மெதுவாக ஏற்றி இறக்கி, ஒவ்வொரு போகியும் தடையில்லாமல் ஆடுகிறதா என்று தள்ளி நின்று பார்ப்பேன். முதல் ஷிப்ட் முடிந்ததும் போல்ட்டுகளை மறுபடி சோதிக்க வேண்டும். அன்றே ஸ்டாப்பர் இடைவெளியை அளந்து, ஹவர் மீட்டர் எண்ணோடு பதிவேட்டில் எழுதிவிடுங்கள். 250 மணி நேர சர்வீஸ் ஒவ்வொன்றிலும் அதே இடத்தில், அதே சமதளத்தில் மறுபடி அளந்து அதற்குக் கீழே எழுதி வர வேண்டும்.