மருத்துவ வினாநிரலும் மொழிபெயர்ப்பும்

நீரிழிவு நோயைக் கட்டுக்குள் வைப்பதில் நோயாளியின் அன்றாடத் தற்பேணல் பெரும்பங்கு வகிக்கிறது. அதனை அளவிட அமெரிக்காவில் உருவாகி, 2000ஆம் ஆண்டில் திருத்தம்பெற்ற வினாநிரல் ஒன்று, உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, குருதிச் சர்க்கரைச் சோதனை, பாதப் பராமரிப்பு ஆகியவற்றைக் ‘கடந்த ஏழு நாள்களில் எத்தனை நாள்கள் மேற்கொண்டீர்கள்?’ என வினவுகிறது.

இதனை வியட்நாமிய மொழியில் தருவதற்குச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் போதாது. கொழுப்பு மிகுந்த உணவுக்குச் செவ்விறைச்சியையும் கொழுப்பு நீக்காத பாற்பொருள்களையும் மூலம் எடுத்துக்காட்டுகிறது. வியட்நாமிய மரபுச் சமையலிலோ பாற்பொருள்கள் அரியவை. கொழுப்புள்ள பன்றியிறைச்சி, எண்ணெயில் பொரித்த பண்டங்கள் எனச் சுட்டினால் வினாவின் நோக்கம் விளங்கும். உணவின் அளவைக் குறிப்பதிலும் இடர் உண்டு. ‘சென்’ என்னும் சொல் தெற்கில் சோற்றுக் கிண்ணத்தையும் வடக்கில் சிறு தேநீர்க் கோப்பையையும் குறிக்கும். முன்னிலையாரைப் பெரிதும் உறவுமுறைச் சொற்களால் சுட்டும் மொழி அது. ஆதலால், முதியோரைப் பாட்டன், பாட்டி எனப் பொருள்படும் ‘ஓங்’, ‘பா’ ஆகிய சொற்களால் மதிப்புடன் குறித்தல் வேண்டும்.

இவற்றைக் கருதியே, இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பர். அவ்விரண்டும் ஒப்பிடப்பட்டு ஒன்றாக்கப்படும். மூலத்தைக் காணாத வேறொருவர் அதனை மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்ப்பார். அது மூலத்தோடு ஒத்திருப்பினும் பணி முடிவதில்லை. நோயாளிகள் சிலரிடம் வினாவை அளித்து, அவர்கள் அதனை எவ்வாறு புரிந்துகொண்டனர் எனக் கேட்டறிதல் இன்றியமையாதது.

பிழையான வினா பிழையான விடையைத் தரும். பாதங்களை நாள்தோறும் கூர்ந்து நோக்குவதாக ஏட்டில் பதிவாகலாம். நோயாளியோ கால் கழுவியதை எண்ணி விடையளித்திருக்கலாம். உணர்விழந்த பாதத்தில் தோன்றும் புண், கவனிப்பாரின்றி முற்றினால் பாதத்தையே இழக்க நேரிடும். எனவே, மருத்துவ மொழிபெயர்ப்பில் சொல்தேர்வும் நோயாளிக்குச் செய்யும் பணிவிடையின் ஒரு பகுதியே ஆகும்.