ஓர் இல்லத்தைப் பார்க்கப் போகும்போது
மறதி நோயாளரும் மனநோயாளரும் தங்கும் சிறு பராமரிப்பு இல்லங்களை மதிப்பிடுவது குறித்து ஒரு பாடம்



மண்டகப்பட்டு, விழுப்புரம், திண்டிவனம் பக்கங்களில் அநேகம் வீடுகளில் இன்று பெரியவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வளைகுடா நாட்டிலோ பிழைக்கிறார்கள். ஆயா அடுப்பை ஏற்றிவிட்டு மறந்துபோகிறார். தன் சொந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு "எங்க வூட்டுக்குப் போவணும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார். நெடுஞ்சாலை வரை நடந்துபோன பிறகு யாரோ அழைத்து வருகிறார்கள். அப்போதுதான் "ஏதாவது இல்லத்தில் சேர்க்கலாமா? எந்த இல்லம் நல்லது?" என்ற கேள்வி எழும்புகிறது.

உங்களில் சிலர் வேறொரு கேள்வி கேட்கிறீர்கள். "இன்ன இல்லத்துக்கு மாதாமாதம் அரிசியும் பணமும் அனுப்புகிறோம். அங்கே இருக்கிறவர்கள் நன்றாக இருக்கிறார்களா?" இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான். யாராவது நேரில் போய்ப் பார்க்கவேண்டும். எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போகவேண்டும்.

தேவை பெரியது. 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஓர் ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 100-க்கு 7 பேருக்குச் சற்று அதிகமானோருக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருப்பதாகவும், அவர்கள் ஏறக்குறைய 88 லட்சம் பேர் என்றும் மதிப்பிட்டது. இத்தனை பேருக்கு நல்ல இல்லங்கள் இல்லை. இடம் கிடைத்தால் போதும் என்று குடும்பத்தார் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுவது அதனால்தான்.

அப்படிக் கண்ணை மூடிக்கொண்டதன் விலையை நம் மாநிலம் இருமுறை கண்டது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த ஒரு கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கே அடைக்கப்பட்டிருந்தவர்களில் பலரைக் கொண்டுபோய் விட்டவர்கள் உறவினர்கள்தான் என்பதை மறக்கக்கூடாது. அவர்களில் அநேகர் நல்லெண்ணத்தோடுதான் விட்டுப்போனார்கள்.

இரண்டாவது நமக்கு மிக அருகில் நடந்தது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம் என்ற இல்லத்தில் அதிகாரிகள் சோதனை செய்து, 140-க்கும் மேற்பட்டவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் தாக்கலான ஆட்கொணர்வு மனுதான் தொடக்கம். அவரைப் பெங்களூரில் உள்ள வேறொரு இல்லத்துக்கு மாற்றிவிட்டதாக நிர்வாகம் சொன்னது. அடி உதை பற்றியும் பெண்களுக்கு நேர்ந்த கொடுமை பற்றியும் புகார்கள் எழுந்தன. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது. மனநல இல்லத்துக்கான உரிமம் இல்லாமல் அது நடந்துவந்தது என்று செய்திகள் வெளியாயின.

ஆகவே முதல் கேள்வி உரிமம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018-ல் நடைமுறைக்கு வந்தது. மனநோயாளர் தங்கிப் பராமரிப்புப் பெறும் எந்த இடமும், தற்காலிகமானாலும் சரி, தர்ம ஸ்தாபனமானாலும் சரி, மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யவேண்டும். உறவினரோடோ நண்பரோடோ வாழும் குடும்ப வீட்டுக்கு மட்டும் விலக்கு. "எங்களிடம் பத்துப் பேர்தான்" என்பது பதில் அல்ல. "எங்களிடம் மனநோயாளர் இல்லை, மறதி உள்ள வயதானவர்கள்தான்" என்பதும் பதில் அல்ல. அந்தச் சட்டம் மனநோயை விளக்கும்போது ஞாபகத்தையும் இடம் காலம் அறியும் சக்தியையும் கடுமையாகப் பாதிக்கும் கோளாறுகளையும் சேர்த்தே சொல்கிறது. பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். யார் பெயரில், எத்தனை பேருக்கு, எந்தத் தேதி வரை என்று வாசியுங்கள். முதியோர் இல்லத்துக்கு வாங்கிய சான்றிதழை மட்டும் காட்டினால் மனநல ஆணையத்தின் சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள்.

ஆனால் சான்றிதழ் மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2012-ல் மனநல இல்லங்களை மதிப்பிட ஒரு கையேடு வெளியிட்டது. குஜராத் மாநிலத்தின் அரசு மனநலச் சேவைகளில் அதைப் பயன்படுத்தினார்கள். அதில் எனக்குப் பிடித்த அம்சம் இரண்டு. ஒன்று, பார்க்கப் போகும் குழுவில் மனநோயை அனுபவித்தவர்களும் இருக்கவேண்டும் என்பது. இன்னொன்று, சுவரையும் கட்டிலையும் மட்டும் பார்த்து எழுதாமல் அங்கே வாழ்கிறவர்களோடும் வேலை செய்கிறவர்களோடும் தனித்தனியே பேசவேண்டும் என்பது. நம்மால் குழு அமைக்க முடியாமற்போகலாம். தனித்தனியே பேச முடியும்.

எப்போது போவது? திறப்பு விழாவுக்கும் கிறிஸ்துமஸ் விருந்துக்கும் போனால் புதுப்புடவையும் கேக்கும்தான் தெரியும். காலை பதினொரு மணிக்கு ஒருமுறை, மாலை ஏழு மணிக்கு மேல் ஒருமுறை போங்கள். பதினொரு மணி ஏனென்றால், நன்றாக நடக்கும் இல்லத்தில் அந்நேரம் ஆட்கள் ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள். ஒருவர் கீரை ஆய்வார், ஒருவர் துணி மடிப்பார், ஒருவர் வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை வேடிக்கை பார்ப்பார். எல்லாரும் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தால் அது அமைதி அல்ல, மாத்திரை. அப்போது மருந்து அலமாரியைக் காட்டச் சொல்லுங்கள்.

மருந்து விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், குயிட்டியபின் போன்ற மாத்திரைகள் மனச்சிதைவு நோயாளருக்கு உண்மையாகவே உதவி செய்கின்றன. அவற்றை நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். ஆனால் அதே மாத்திரைகள் மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லும் 2008-லும் எச்சரித்தது. சில சமயம் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குக் கொடுக்க நேரிடும். அதை மருத்துவர் தீர்மானிக்கவேண்டும், மறுபடியும் பார்த்துக் குறைக்கவேண்டும். ஒரே டப்பாவிலிருந்து எல்லாருக்கும் ராத்திரி ஒரு மாத்திரை என்ற வழக்கம் இருந்தால் அந்த இல்லம் தேறாது. ஒவ்வொருவர் பெயரிலும் தனிச் சீட்டு, அதில் மருத்துவரின் கையொப்பம், கடைசியாகப் பார்த்த தேதி, இம்மூன்றும் இருக்கவேண்டும். மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார் என்று நிர்வாகியைக் கேளுங்கள். பிறகு அதே கேள்வியைச் சமையல்கார அம்மாவிடமும் கேளுங்கள்.

இதனால்தான் இரு வகையினரையும் ஒரே கூரையின்கீழ் வைப்பது கடினமான காரியம். முப்பது வயது மனச்சிதைவு நோயாளிக்கு வேலைப் பயிற்சி வேண்டும், வெளியே போய்வர வேண்டும், ஒருநாள் வீடு திரும்பும் நம்பிக்கை வேண்டும். எண்பது வயது ஆயாவுக்கு விழாமல் நடக்கச் சமமான தரையும், இரவில் வழி தெரியச் சிறு விளக்கும், பிசைந்த சோறும், பழகிய முகங்களும் வேண்டும். சிறிய இல்லம் இரண்டையும் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. செய்கிறோம் என்று சொல்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று காட்டவேண்டும். இளையவர்களைச் சம்பளமில்லாத ஆயாக்களாக்கி முதியவர்களைக் குளிப்பாட்ட விடுவது சில இடங்களில் வழக்கம். வேலை வாங்கினால் கூலி கொடுக்கவேண்டும், கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டம் சொல்கிறது.

கட்டிவைப்பது பற்றி நேராகக் கேளுங்கள். சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் முற்றிலும் தடை செய்கிறது. துணியால் கட்டுவதோ வேறு விதத்தில் தடுத்துவைப்பதோ உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் செய்யலாம். அதை எழுதி வைக்கவேண்டும், 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் பிரதிநிதிக்குத் தெரிவிக்கவேண்டும். ஆள் பற்றாக்குறை ஒரு காரணமே ஆகாது என்றும் சட்டம் சொல்கிறது. தனியறையில் பூட்டிவைக்கவே கூடாது. "நாங்கள் யாரையும் கட்டுவதில்லை" என்று சொல்வார்கள். மணிக்கட்டையும் கணுக்காலையும் பாருங்கள். கட்டில் கால்களில் துணிக்கிழிசல் முடிச்சிட்டுத் தொங்குகிறதா என்று பாருங்கள். எல்லாருடைய தலையும் மொட்டையாக இருந்தால் ஏனென்று கேளுங்கள். பேன் என்பார்கள். கட்டாய மொட்டையும் கட்டாயச் சீருடையும் அச்சட்டப்படி தவறு.

கழிப்பறைக்கு நீங்களே போய்வாருங்கள். கதவு உண்டா, உள்ளே கைப்பிடி உண்டா, தண்ணீர் வருகிறதா? நாற்றத்தைப் பொறுத்தவரை ஒரு எச்சரிப்பு. அடக்க முடியாமல் சிறுநீர் போகும் முதியவர்கள் இருக்கும் இடத்தில் காலையில் கொஞ்சம் வாடை இருப்பது இயல்பு. அதை வைத்துத் தள்ளிவிடவேண்டாம். மதியமும் அதே இடத்தில் அதே வாடை இருந்தால்தான் குறை. பினாயில் நெடி மட்டும் மூக்கைத் துளைத்தால், உங்கள் வருகை முன்கூட்டியே தெரிந்திருக்கலாம்.

தண்ணீர் குடிப்பதையும் கவனியுங்கள். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் மறதி நோயாளர் தாகத்தைச் சொல்லமாட்டார்கள். படுக்கை நனையும் என்று மாலைக்கு மேல் தண்ணீர் கொடுக்காத இடங்களும் உண்டு. அதனால் சிறுநீரில் கிருமி சேரும், மலச்சிக்கல் வரும், நேற்றுவரை அமைதியாக இருந்தவர் இன்று குழம்பிப்போய்க் கத்துவார். அதை நோய் முற்றிவிட்டது என்று எண்ணி மாத்திரையைக் கூட்டுவார்கள். உண்மையில் அது சிகிச்சை செய்தால் தீரக்கூடிய தற்காலிகக் குழப்பம். நல்ல இல்லத்து வேலைக்காரப் பெண் எப்படிப் பேசுவார் தெரியுமா? "ரெண்டு நாளா ஆயா ஒரு மாதிரி இருக்காங்க டாக்டர், ஒண்ணுக்கும் சரியாப் போவல." படிப்பில்லாத ஒரு பெண் இப்படிக் கவனித்துச் சொல்வாரானால், அந்த இல்லத்துக்குப் பாதி மதிப்பெண்ணை அங்கேயே கொடுத்துவிடலாம்.

அந்தப் பெண்ணிடம் இன்னும் பேசுங்கள். "இந்தத் தாத்தா என்ன வேலை செய்தவர்?" என்று கேளுங்கள். கரும்பு ஆலைக்கு வண்டி ஓட்டினார், மல்லாட்டை பயிரிட்டார், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்று ஏதாவது தெரிந்திருக்கவேண்டும். வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஆயா அழும்போது என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "சும்மா இரு, உனக்கு வூடு ஏது" என்று அதட்டுகிறாரா, அல்லது "உங்க வூட்ல யாரெல்லாம் இருக்காங்க, சொல்லுங்க" என்று பேச்சுக் கொடுத்து, காபி குடிக்கவைத்து, கொஞ்சம் நடத்திக் கூட்டிக்கொண்டு வருகிறாரா? மறதி நோயில் பேச்சு போகும், பெயர் போகும். அதட்டல் எது, அன்பு எது என்ற உணர்வு வெகுநாள் தங்கும்.

இரவு எத்தனை பேருக்கு எத்தனை ஆட்கள் விழித்திருக்கிறார்கள்? சாவி யாரிடம்? தீப்பிடித்தால் எந்தக் கதவு திறக்கும்? ஏர்வாடிக்குப் பிறகு இக்கேள்விகளைக் கேட்காமல் திரும்பக்கூடாது.

பணம் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஜனத்துக்குக் கட்டடத்தில் ஒரு மோகம் உண்டு. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் கோயில் குடைந்ததாக மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் சொல்கிறான். நமக்கோ இவை நான்கும் இருந்தால்தான் காணிக்கை கொடுத்த திருப்தி! பெயர் பொறித்த கல்லுக்குக் கொடுப்போர் உண்டு, இரவு வேலைக்கு வரும் இரண்டாவது ஆளின் சம்பளத்துக்குக் கொடுப்போர் இல்லை. இல்லத்தின் கணக்கைக் கேட்டால் சம்பளம், மருந்து, உணவு ஆகிய மூன்றுக்கும் எவ்வளவு போகிறதென்று பாருங்கள்.

குடும்பத்தார் வந்துபோக என்ன விதி? வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957 முதல் உறவினரும் நோயாளியோடு தங்கவேண்டும் என்ற முறையைக் கடைப்பிடித்துவருகிறது. வேறெங்கும் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. ஆனால் மாதத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலக அறையில் மட்டும், வார்டன் முன்னிலையில்தான் பேசலாம் என்ற இடத்தில் உங்கள் தாயைச் சேர்க்கவேண்டாம். பார்வையாளரைச் சந்திப்பதும் தொலைபேசியில் பேசுவதும் அவருடைய உரிமை.

கடைசியாகப் பதிவேட்டைக் கேளுங்கள். சேர்ந்தவர்கள் பகுதியைப் பெருமையோடு காட்டுவார்கள். நீங்கள் பார்க்கவேண்டியது வெளியேறியவர்கள் பகுதி. இந்த ஆண்டில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், யார் வந்து அழைத்துப்போனார், கையொப்பம் எங்கே? வேறு இல்லத்துக்கு மாற்றப்பட்டவர் யார், எந்த இல்லம், உறவினருக்கு எப்போது தெரிவித்தார்கள்? இறந்தவர் யார், எந்த மருத்துவர் சான்றளித்தார், எங்கே அடக்கம் செய்தார்கள்? சேர்ந்தவர்களிலிருந்து வெளியேறியவர்களைக் கழித்தால் வரும் தொகையும் அன்று உங்கள் கண்முன் இருக்கிறவர்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கவேண்டும். நீங்களே நடந்துபோய் எண்ணுங்கள். ஒருவர் குறைந்தாலும் அவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் முதியோர் உதவி எண் 14567, மனநல உதவி எண் 14416 ஆகியவற்றில் பேசலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ரசீதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.