பட்டு பிறக்கும் உயிரணு

கருநாடக மாநிலத்தில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது ஹனூர். 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்திலும், பின்னர் 1997 வரை மைசூர் மாவட்டத்திலும் இருந்த கொள்ளேகால் வட்டாரத்தைச் சேர்ந்த இப்பகுதி, இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. மல்பெரி சாகுபடியும் பட்டுப்புழு வளர்ப்பும் இங்குள்ள வேளாண் குடும்பங்கள் பலவற்றின் நெடுங்காலத் தொழில்கள். பட்டுக்கூட்டின் விலை அதன் ஓட்டைப் பொறுத்தது. அவ்வோட்டின் கனமோ புழுவின் உயிரணுக்களுக்குள் உள்ள சவ்வுகளின் ஒழுங்கான செயலைப் பொறுத்தது.

அறைகள் கொண்ட தொழிற்கூடம்

பட்டுப்புழுவுக்கு இரு பட்டுச் சுரப்பிகள் உண்டு. சுரப்பியின் பின்பகுதி, நூலின் உள்ளிழையாகிய ஃபைப்ராயினைச் சுரக்கிறது. நடுப்பகுதி, அதன்மேல் படியும் செரிசின் என்னும் பசையைச் சுரக்கிறது. பின்பகுதி உயிரணுக்களில் எண்டோபிளாச வலை என்னும் சவ்வு அடுக்குகள் செறிந்துள்ளன. அவற்றின்மேல் ஒட்டியுள்ள ரிபோசோம்கள் ஃபைப்ராயின் சங்கிலிகளை உருவாக்கி வலையினுள் செலுத்துகின்றன. அங்கு ஒன்றோடொன்று இணைந்த சங்கிலிகள், நுண்பைகளில் ஏறிக் கோல்கை உறுப்பை அடைகின்றன. அங்கே செறிவூட்டப்பட்டு, வேறு பைகளின் வாயிலாகச் சுரப்பியின் குழலில் சேர்கின்றன. நூலாக இறுக வேண்டிய புரதம் உயிரணுச் சாற்றில் கலந்துவிடாமல் காப்பவை இச்சவ்வுகளே. இத்தகைய சுரப்புப் பாதையைக் கணைய உயிரணுக்களில் விளக்கிய ஜார்ஜ் பாலடே, 1974இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

வலை ஒரு சோதனைச்சாவடியும் ஆகும். திடீர்மாற்றம் அடைந்த ஒருவகைப் பட்டுப்புழுவில், ஃபைப்ராயினின் சிறு சங்கிலி பெருஞ்சங்கிலியோடு இணைய இயலாது. இணையாத புரதத்தை வலை வெளியே விடுவதில்லை. புரதம் உருவாகியும், பெரும்பாலும் செரிசினால் ஆன மெல்லிய கூடே கிடைக்கிறது.

வளர்ப்போர் கருத வேண்டுவன

புழு தன் வாழ்நாளில் உண்ணும் இலையில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டதை ஐந்தாம் பருவத்திலேயே உண்கிறது. எண்டோபிளாச வலை விரைந்து பெருகுவதும் அப்போதுதான். ஆகவே அந்நாட்களில் இலையின் அளவும் தரமும் குறைந்தால் கூட்டின் எடையும் குறையும்.

பெப்ரின் நோயை விளைவிக்கும் நோசிமா நுண்ணுயிரி, பட்டுச் சுரப்பியின் உயிரணுக்களுக்குள்ளும் புகுந்து பெருகுகிறது. தாய் அந்துப்பூச்சியிடமிருந்து முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் அது பரவும். தாய் அந்துகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து நோயற்ற முட்டைகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை 1860களில் லூயி பாஸ்டர் வகுத்தார். அம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. சோதித்த முட்டையும் செழித்த இலையுமே உயிரணுவின் சவ்வுகள் தம் பணியைச் செவ்வனே ஆற்றுவதற்கு விவசாயி அளிக்கக்கூடிய துணையாகும்.