கடன் தீர்க்கப்பட்டவரின் தாழ்மை

வேதபகுதி: 1 கொரிந்தியர் 15:9,10, பிலேமோன் 1-25

மனிதன் தன்னைக்குறித்துத் தவறாய் எண்ணுவது இரண்டு விதங்களில். தகுதிக்கு மிஞ்சித் தன்னை உயர்த்துவது ஒன்று. எதற்கும் உதவாதவன் என்று தன்னையே வெறுப்பது மற்றொன்று. இரண்டிலும் அவனுடைய பார்வை தன்மேலேயே நிலைத்திருக்கிறது. பவுலின் நிருபங்கள் வேறொரு வழியைக் காட்டுகின்றன.

சவுலாயிருந்த நாட்களில் அவர் வீடுதோறும் நுழைந்து விசுவாசிகளைச் சிறைக்கு இழுத்துச் சென்றவர் (அப். 8:3). அதை அவர் மறைக்கவில்லை. அப்போஸ்தலன் என்னும் பெயருக்கே தாம் தகுதியற்றவர் என்று கொரிந்து சபைக்கு அறிக்கையிடுகிறார். உடனே, மற்ற அப்போஸ்தலரைவிட மிகுதியாய் உழைத்ததையும் கூறுகிறார். இவ்விரண்டையும் கிருபை இணைக்கிறது. பாவம் மன்னிக்கப்பட்டபடியால் அவர் சோர்ந்துபோகவில்லை. உழைக்கும் பெலனும் தேவன் தந்ததே என்றறிந்தபடியால் மேன்மைபாராட்டவில்லை.

இத்தகைய தாழ்மை உண்மையானதா என்பது, தாழ்ந்த நிலையில் உள்ளவரை ஒருவர் நடத்தும் விதத்தில் வெளிப்படும். எஜமான் பிலேமோனை விட்டுப் பிரிந்த அடிமை ஒநேசிமு, காவலிலிருந்த பவுலின்மூலம் விசுவாசியானார். ரோமச் சட்டத்தின்படி அடிமை எஜமானின் உடைமை. பவுல் கட்டளையிட்டிருக்கலாம்; ஆனால் அன்பினிமித்தம் மன்றாடுகிறார். ஒநேசிமுவைத் தம் பிள்ளை என்று அழைத்து, சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறார். அவர்பேரில் கடன் ஏதேனும் இருந்தால் தாமே தீர்ப்பதாகத் தம் கைப்பட எழுதுகிறார். தம் பெருங்கடனைக் கிறிஸ்து தீர்த்துவிட்டதை அறிந்தவர், பிறருடைய கடனைத் தம் கணக்கில் ஏற்கத் தயங்கவில்லை.

பிலேமோனும் கடன்பட்டவரே என்று பவுல் மென்மையாய் நினைவூட்டுகிறார் (வச. 19). பிலேமோனின் வீட்டிலேயே சபை கூடிவந்தது (வச. 2). ஆகவே, ஒநேசிமு எந்த வாசலில் வரவேற்கப்படுவார், எவ்விடத்தில் அமர்த்தப்படுவார் என்பது அச்சபை முழுவதற்குமே சோதனையாயிருந்தது.

இந்தியச் சபைகளுக்கும் இச்சோதனை உண்டு. ஞாயிறன்று திருவிருந்தில் ஒரே அப்பத்தில் பங்குபெற்றுவிட்டு, திங்களன்று வீட்டுவேலை செய்பவருக்குத் தனித் தம்ளர் வைக்கும் விசுவாசி, தானும் இலவசமாய் ஏற்றுக்கொள்ளப்பட்டவன் என்பதை மறந்துவிட்டான். சாதியைக் கேட்டபின் கைகுலுக்குகிறவனும் அப்படியே. தனக்குக் கிடைத்தது தகுதிக்குரிய கூலி அல்ல என்று உணர்ந்தவன், பிறருடைய தகுதியை அளக்கத் துணியமாட்டான்.

சிந்தனைக்கு: பவுலின் இந்த நிருபம் இன்று ஒரு விசுவாசியின் வீட்டிற்கு வந்தால், ஒநேசிமுவின் இடத்தில் யாருடைய பெயர் எழுதப்பட்டிருக்கும்?