அத்துவிதமும் ஆசிரியரும்

சித்தாந்த நூல்கள் இஞ்ஞான்று அச்சில் எளிதிற் கிடைத்தலின், ஆசிரியரின்றித் தாமே ஓதித் தெளியலாமென்பார் பலராயினர். அது பொருந்துமாவென ஒரு சொல்லின்வைத்து ஆராய்வாம்.

அத்துவிதமென்னுஞ் சொல்லின் முதனின்ற எதிர்மறை இன்மை, அன்மை, மறுதலை என மூன்று பொருள்பெறும். இன்மையெனக் கொள்வார் உள்பொருள் ஒன்றே என்பர். சித்தாந்தங் கொள்வது அன்மைப் பொருள். இறையும் உயிரும் பொருளால் இரண்டேயாயினும், கலப்பினால் இரண்டென வேறாகாது நிற்றலே அத்துவிதம். 1785-இல் சிவபரிபூரணமெய்திய மாதவச் சிவஞான யோகிகள் மாபாடியத்து இதனை விரித்தருளினர்.

இத்துணையும் தனித்தோதுவானும் அறிவான். அவன் இடர்ப்படுவது உவமையிலே. உடலும் உயிரும்போல என்றவழி ஒன்றெனவே துணிவான்; கண்ணும் ஞாயிறும்போல என்றவழி வேறெனவே துணிவான்; உயிரறிவும் கண்ணொளியும்போல என்றவழி உடனாதல் மாத்திரையே கொள்வான். மூன்றும் ஒரு சம்பந்தத்தின் முத்திறமென்பது அவனுக்குப் புலனாகாது. தான் முற்கொண்ட கருத்தையே நூலினுங் காண்பனாதலின், தன் பிழை தனக்குத் தோன்றாது. ஆசிரியரோ, அவன் எவ்வுவமையில் நின்றொழிந்தானென நோக்கி, ஏனையவற்றை வினாவி நெறிப்படுத்துவர்.

சகலாகம பண்டிதரெனப் பெயர்பெற்ற அருணந்தி சிவாசாரியாரும் மெய்கண்டாரை அடைந்தே தெளிந்தாரென்பது வரலாறு. ஆதலின், நூலோதுதலை யாம் விலக்குகின்றிலேம். ஓதியதனை வல்லார் ஒருவர்முன் அமர்ந்து தன் வாயாற் சொல்லிக்காட்டுக என்பேம். திருமடங்களிற் பாடஞ்சொல்லும் மரபு தளராது காத்தல் நம்மனோர் கடன்.