கடற்கரையில் கூடாரமா? கிளம்பும் முன் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு மணி நேரம்

காரை எடுத்துக் கொண்டு கிளம்பி, ஓட்டலில் ரூம் போடாமல் கூடாரம் அடித்துத் தங்கி வரும் பழக்கம் நம் பக்கமும் வந்துவிட்டது. எங்கள் ஊர் செங்கல்பட்டு. முன்பு மாமல்லபுரம் என்றால் காலையில் போய் மாலையில் திரும்புவதுதான் வழக்கம். 2019ல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. 2021ல் கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. 2022ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனிக்கிழமை மாலை பார்த்தால், மேலே கூடார மூட்டையைக் கட்டிய கார்கள் வரிசையாகப் போகின்றன.

நானும் போனேன். 2023 ஜனவரியில் பௌர்ணமியை ஒட்டி வந்த ஒரு சனிக்கிழமை, நண்பர்கள் நான்கு பேர். கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டையைப் பார்த்துவிட்டு, உப்பங்கழி கடலோடு சேரும் இடத்தை ஒட்டிய மணலில் கூடாரம் அடித்தோம். நான் சாப்ட்வேர் இன்ஜினியர் ஆயிற்றே! கடல் ஏற்ற நேரத்தை இணையத்தில் பார்த்து வைத்திருந்தேன். அன்று மாலை ஏற்றம் 15:15 என்று இருந்தது. அதாவது மூன்றேகால் மணி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. "ஏற்றம் முடிந்துவிட்டது, இனி ராத்திரி முழுக்கத் தண்ணீர் இறங்கத்தான் செய்யும்" என்று நான்தான் தைரியம் சொன்னேன். மணலும் அகலமாக, காய்ந்து கிடந்தது.

வலையைத் தோளில் போட்டுக் கொண்டு போன மீனவர் ஒருவர் நின்று பார்த்தார். "தம்பிங்களா, இன்னிக்குப் பௌர்ணமி ஆச்சே. தண்ணி ஏறும். மேட்டுக்குப் போயிடுங்க" என்றார். "பார்த்துட்டுத்தாங்க வந்தோம் அண்ணா" என்று சொல்லி மொபைலைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

எட்டு மணிக்குக் கூடாரத்தின் ஒரு மூலை நனைந்தது. எட்டரைக்கு முழங்கால் அளவு தண்ணீர். இருட்டில் அள்ளிப் போட்டுக் கொண்டு ஓடினோம். இரண்டு பேருடைய போனில் சார்ஜ் இல்லை. மற்ற இரண்டில் சிக்னல் இல்லை. கார் நின்ற இடம் எந்தப் பக்கம் என்றே பிடிபடவில்லை. ஆள் சேதம் இல்லை என்பதுதான் ஆறுதல். ஆனால் "அவசரம் என்றால் தேவைப்படும்" என்று நான் கொண்டு போயிருந்த ஆபீஸ் லேப்டாப் உப்புத் தண்ணீரில் ஊறிவிட்டது. திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் நின்று என்ன விளக்கம் சொன்னேன் என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம்.

தவறு எங்கே நடந்தது? நான் பார்த்த அந்த அட்டவணை இந்திய நேரத்தில் இல்லை. யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தில் இருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். 15:15 என்றால் நமக்கு இரவு 8:45. ஆபீசில் சர்வர் லாக் பைலில் தினமும் இந்தக் கணக்கைப் போடுகிறவன், கடற்கரையில் கோட்டை விட்டேன்.

எனவே சென்ற தை மாதம் அப்பா, அம்மா, தங்கையோடு அதே வழியில் மறுபடி கிளம்பியபோது, முதலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எக்ஸெல், லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ், எது இருந்தாலும் போதும்.

நேரத்தைத் திருத்துவோம்:

எக்ஸெல் போன்ற புரோகிராம்கள் ஒரு நாளை 1 என்ற எண்ணாகத்தான் வைத்துக் கொள்கின்றன. பகல் 12 மணி என்றால் 0.5. ஒரு மணி நேரம் என்பது 24ல் ஒரு பங்கு. இது தெரிந்தால் போதும். முதல் காலத்தில் அட்டவணையில் உள்ள தேதியையும் நேரத்தையும் ஒரே செல்லில் டைப் செய்திடவும். அடுத்த செல்லில் சமக் குறி போட்டு, முதல் செல்லைக் கிளிக் செய்து, +5.5/24 என்று டைப் செய்து என்டர் தட்டவும். இந்திய நேரம் வந்துவிடும். விடை ஏதோ தசம எண்ணாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பார்மட் மெனு சென்று அந்தச் செல்லைத் தேதி-நேர வடிவத்திற்கு மாற்றவும். தேதியையும் சேர்த்து டைப் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 20:40 யு.டி.சி. என்பது நமக்கு மறுநாள் அதிகாலை 2:10. தேதி இல்லாவிட்டால் அது எந்த நாள் என்று தெரியாது.

அட்டவணை எந்த நேரத்தில் உள்ளது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நேரத்தின் பின்னால் இசட் என்ற எழுத்தோ, யு.டி.சி., ஜி.எம்.டி. என்றோ இருந்தால் சந்தேகம் இல்லை. எதுவும் இல்லையா? அதே பக்கத்தில் சூரிய உதய நேரம் இருக்கிறதா எனப் பார்க்கவும். ஜனவரியில் நம் கடற்கரையில் சூரியன் காலை ஆறரை வாக்கில் உதிக்கும். அட்டவணையில் இரவு ஒரு மணிக்கு உதிப்பதாக இருந்தால் அது யு.டி.சி.தான். இந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் என் லேப்டாப் பிழைத்திருக்கும்.

இன்னும் இரண்டு தகவல்கள். நம் கரையில் ஒரு நாளில் ஏறக்குறைய இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம் உண்டு. நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். சென்னைக் கரையில் ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் உள்ள வித்தியாசம் அப்போதும் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். "ஒரு மீட்டர்தானே" என்று நினைக்கக் கூடாது. 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் மணலில், தண்ணீர் 20 மீட்டர் உள்ளே வரும். இதற்கு மேல் அலை வேறு. இந்த அட்டவணை நிலவையும் சூரியனையும் வைத்துப் போட்ட கணக்கு மட்டுமே. காற்றும் தூரத்துப் புயலும் அதில் சேராது. அதற்கு ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் வெளியிடும் உயர் அலை எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். சமுத்ரா என்ற அவர்களுடைய ஆப் இலவசம்.

பயண ஷீட்:

அடுத்த ஷீட்டில் இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, முந்தைய இடத்திலிருந்து தூரம், சேரும் நேரம், தங்கும் நேரம், குறிப்பு எனக் காலங்களை அமைத்தேன். சேரும் நேரத்திற்கும் மேலே சொன்ன தந்திரம்தான். முந்தைய இடத்திலிருந்து கிளம்பும் நேரத்துடன், தூரம்/35/24 என்று கூட்டவும். 35 என்பது மணிக்கு 35 கிலோமீட்டர் வேகம். ஊர்ச் சாலை, மாடு, டீக்கடை எல்லாம் சேர்த்தால் அதுதான் நிஜ வேகம். 60 என்று போட்டவர்கள் எல்லா இடத்திற்கும் இருட்டில்தான் போய்ச் சேருவார்கள்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் சுமார் 14 கி.மீ. கணக்குப்படி 24 நிமிடம். ஆனால் மலைக் கோயிலுக்கு 500க்கும் மேற்பட்ட படிகள். அம்மாவின் முழங்காலைக் கணக்கில் எடுத்துத் தங்கும் நேரத்தில் இரண்டு மணி போட்டேன். அங்கிருந்து மாமல்லபுரம் இன்னும் 15 கி.மீ. கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் மாலை ஆறு மணியோடு மூடப்படும். எனவே அந்த வரிசையில், 6 மணிக்கு மேல் சேரும் நேரம் வந்தால் செல் சிவப்பாக மாறும்படி கண்டிஷனல் பார்மட்டிங் கொடுத்தேன். பிறகு சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை, முதலியார்குப்பம் படகுத் துறை, கடப்பாக்கம். மறுநாள் ஆலம்பரைக் கோட்டை, செய்யூர், மதுராந்தகம் வழியாக வேடந்தாங்கல், வீடு. மொத்தம் சுமார் 160 கி.மீ. தை மாதம் வேடந்தாங்கலில் பறவைகள் நிறைந்திருக்கும் காலம். கல்பாக்கம் பக்கம் அணுமின் நிலையம் இருப்பதால், டிரோன் வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும்.

அட்சரேகையில் பலர் செய்யும் தவறு ஒன்று. மாமல்லபுரம் 12 டிகிரி 37 நிமிடம் என்று புத்தகத்தில் இருந்தால் அதை 12.37 என்று டைப் செய்யக் கூடாது. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். 37ஐ 60ஆல் வகுத்துக் கூட்டினால் 12.617 வரும். 12.37 என்று கொடுத்தால் மேப் உங்களை 27 கிலோமீட்டர் தெற்கே கொண்டு போய் நிறுத்தும். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டர் துல்லியம். கூடாரம் அடிக்கும் இடத்திற்கும், காரை நிறுத்தும் இடத்திற்கும் இது அவசியம்.

நெட் இல்லாத மேப்:

ஷீட்டை சி.எஸ்.வி. பைலாக சேவ் செய்திடவும். கம்ப்யூட்டரின் பிரவுசரில் கூகுள் மை மேப்ஸ் திறந்து புதிய மேப் உருவாக்கி, இம்போர்ட் என்பதில் கிளிக் செய்து அந்தப் பைலைக் கொடுக்கவும். எந்தக் காலம் அட்சரேகை, எது தீர்க்கரேகை, எது தலைப்பு என்று கேட்கும். டிக் செய்தால் எல்லா இடங்களும் மேப்பில் வரிசையாக நிற்கும். ஏதாவது ஒரு புள்ளி வங்காள விரிகுடாவில் நின்றால், டைப் செய்ததில் தவறு என்று அர்த்தம். எனக்கு வேடந்தாங்கல் கடலில் நின்றது.

பின் மெனுவில் உள்ள எக்ஸ்போர்ட் மூலம் கே.எம்.எல். பைலாக எடுத்து மொபைலுக்கு அனுப்பவும். மொபைலில் ஆர்கானிக் மேப்ஸ் என்ற இலவச ஆப்பை இன்ஸ்டால் செய்து தமிழ்நாடு மேப்பை டவுன்லோட் செய்திடவும். இது ஓபன் ஸ்ட்ரீட் மேப்பை அடிப்படையாகக் கொண்டது. டவுன்லோட் செய்தபின் நெட் தேவையே இல்லை. நாம் அனுப்பிய பைலை இதில் திறந்தால் நம் இடங்கள் புக்மார்க்காகச் சேர்ந்துவிடும். கூகுள் மேப்ஸிலும் ஆஃப்லைன் வசதி உண்டு. ஆனால் நெட் இல்லாதபோது அது கார் வழியை மட்டுமே காட்டும், நடைவழி காட்டாது. இருட்டில் மணலில் நடந்து காருக்குப் போக வேண்டியவனுக்கு அது உதவாது.

ஜி.பி.எஸ். வேலை செய்ய சிக்னல் வேண்டும் எனப் பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். அது செயற்கைக்கோளிலிருந்து நேராக வருவது. நெட் இல்லாவிட்டால் முதல் முறை இடத்தைப் பிடிக்கச் சில நிமிடம் ஆகலாம். திறந்த வெளியில் பொறுமையாக நிற்கவும்.

சார்ஜ் கணக்கு:

பவர் பேங்க் 10,000, போன் பேட்டரி 5,000, எனவே இரண்டு முறை சார்ஜ் ஏறும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பவர் பேங்கில் எழுதியிருக்கும் எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பேட்டரிக்கு. 10,000 என்றால் 37 வாட் மணி. 5 வோல்ட்டாக மாற்றுவதிலும் சூட்டிலும் போனது போக எழுபது சதவீதம், சுமார் 26 வாட் மணிதான் போனுக்குப் போகும். போன் பேட்டரி ஏறக்குறைய 19 வாட் மணி. ஒன்றேகால் முறைக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நான்கு போன்களுக்கு ஒரு பவர் பேங்க் போதாது. அதனால் இம்முறை ஒரு போனை ஸ்விட்ச் ஆஃப் செய்து காரிலேயே வைத்திருந்தோம். அவசர எண் 112, கடலோரக் காவல் படையின் 1554 இரண்டும் அதில் சேவ் ஆகியிருந்தன.

ஏர்பிளேன் மோட் சோதனை:

இதுதான் முக்கியம். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு வீட்டு ஹாலில் நான்கு போன்களையும் ஏர்பிளேன் மோடுக்கு மாற்றி, வைபையையும் அணைத்து, லைட்டையும் அணைத்தோம். "இப்போ ராத்திரி எட்டு மணி, தண்ணி வருது. கார் எங்கே? ஏற்றம் எத்தனை மணிக்கு? யாருக்குப் போன் பண்ணணும்?" என்று தங்கையைக் கேட்டேன். கூகுள் ஷீட் திறக்கவில்லை. ஆஃப்லைனில் கிடைக்கும்படி செய்யும் ஆப்ஷனை நான் டிக் செய்ய மறந்திருந்தேன். அப்பாவின் போனில் மேப் பாதிதான் டவுன்லோட் ஆகியிருந்தது. இரண்டும் ஹாலிலேயே தெரிந்து போனது நல்லதாயிற்று. அம்மா எதையும் நம்பாமல், ஷீட்டை ஒரு பேப்பரில் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லிக் கைப்பையில் வைத்துக் கொண்டார்.

எங்கே தங்குவது என்பதையும் இம்முறை மாற்றினோம். முகாம் நடத்துபவர்கள் பதிவு செய்து கொள்ள வேண்டும் என்று தமிழக சுற்றுலாத் துறை விதி வைத்திருக்கிறது. பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, மேட்டில் உள்ள ஒரு தென்னந்தோப்பில் இடம் பிடித்தோம். தோப்புக்காரர் ஒரு நிபந்தனை போட்டார்: கடலைப் பார்த்து விளக்குப் போடக் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட வருகின்றன. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நகரும்; நம் விளக்கைக் கடல் என்று நினைத்து உள்பக்கம் வந்து செத்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அது மீன்பிடி வலையில் சிக்கியதால் என்றார்கள். விளக்கு விஷயம் நம் கையில் இருப்பது.

ஐந்து மணிக்கு நானும் அப்பாவும் பழைய இடத்திற்குப் போனோம். அதே அகலமான, காய்ந்த மணல். நாங்கள் அன்று கூடாரம் அடித்த இடத்தில் ஒரு சவுக்குக் குச்சியை நட்டுவிட்டு வந்தோம். ஷீட்டில் திருத்திய நேரம் 8:40. எட்டரை மணிக்கு டார்ச்சைக் கீழ் நோக்கிப் பிடித்துக் கொண்டு, மேட்டில் நின்று பார்த்தோம். குச்சியைச் சுற்றித் தண்ணீர் நின்றது. அம்மா தோப்பிலிருந்து பேப்பரோடு வந்து, "ஏன்டா, இதுல போட்ட மாதிரியே வந்துடுச்சா?" என்றார். "பத்து நிமிஷம் முன்னாடியே வந்துடுச்சும்மா" என்றேன். பேனாவை எடுத்து, குறிப்பு காலத்தில் 8:30 என்று எழுதிக் கொண்டார்.