பொதுக்கிணற்றுக்குக் காவல்

ஊர்ப் பொதுக்கிணற்றில் எல்லாரும் நீர் இறைக்கலாம். ஆளுக்கு ஒரு குடம் எடுத்தால் கிணறு வற்றாது. ஆனால், ஒருவர் மட்டும் இயந்திரத்தைப் பொருத்தி இரவும் பகலும் உறிஞ்சினால், மற்றவர்களின் வாளி வெறுமையாகத்தான் மேலே வரும். திறமூல மென்பொருள் உலகம் இன்று இத்தகைய சிக்கலை எதிர்நோக்குகிறது.

திறமூல மென்பொருளின் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். பல நாட்டு நிரலாளர்கள் சேர்ந்து எழுதும் அந்நிரல்கள், வழங்கி எனப்படும் கணினிகளில் உள்ள களஞ்சியங்களில் சேமிக்கப்படுகின்றன. அவ்வழங்கிகள் பலவற்றைத் தன்னார்வலர்களும் சிறு குழுக்களுமே பராமரிக்கின்றனர்.

செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கத் தரவு திரட்டும் தானியங்கி நிரல்கள் அண்மைக் காலமாக இக்களஞ்சியங்களை மொய்க்கின்றன. களஞ்சியத்தில் இன்றைய நிரல் மட்டுமன்றி, அதில் செய்யப்பட்ட ஒவ்வொரு திருத்தமும் பதிவாகியிருக்கும். எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்பதைக் காட்டும் பக்கத்தை, யாரேனும் கேட்கும்போதுதான் வழங்கி கணக்கிட்டு உருவாக்கும். தானியங்கிகளோ இத்தகைய பக்கங்களை இலட்சக்கணக்கில் கேட்கின்றன. அதனால் வழங்கி திணறுகிறது. நிரலாளர்களின் வேலை தடைபடுகிறது.

‘இப்பக்கங்களைத் திரட்ட வேண்டா’ என அறிவிக்கும் கோப்பை இணையத்தளங்களில் வைக்கும் வழக்கம் 1994இல் தோன்றியது. அது வேண்டுகோளே அன்றிப் பூட்டு அன்று. பல தானியங்கிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு முகவரியைத் தடுத்தால், வேறு முகவரியில் வந்து நிற்கின்றன.

இதனைச் சமாளிக்க 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘அனுபிஸ்’ என்னும் மென்பொருள் வெளிவந்தது. இறந்தோரின் இதயத்தை எடைபோடுவதாக எகிப்தியர் நம்பிய தெய்வத்தின் பெயர் அது. இணையத்தளத்திற்கு வருவோரின் உலாவிக்கு இம்மென்பொருள் ஒரு சிறு கணக்கைக் கொடுக்கும். ஒருமுறை விடை கண்ட உலாவி, சில நாள்களுக்குத் தடையின்றிச் செல்லலாம். முகவரியை மாற்றி மாற்றி வரும் தானியங்கியோ மீண்டும் மீண்டும் கணக்கிட்டாக வேண்டும். லினக்ஸ் கணினிகளில் பயன்படும் ‘குனோம்’ திரைமுகப்பை உருவாக்கும் குழுவினர் இதனைத் தங்கள் களஞ்சியத்தில் நிறுவினர். ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் வந்த 81,000 கோரிக்கைகளுள் 3 விழுக்காடே சோதனையைத் தாண்டின.

எனினும், இக்காவலால் நல்லோருக்கும் சிறிது தொல்லை உண்டு. பழைய திறன்பேசி வைத்திருப்பவர் கூடுதல் நேரம் காத்திருக்க நேரிடும். ஆகவே, சில குழுவினர் வேறு வழிகளையும் கையாள்கின்றனர். அடிக்கடி கேட்கப்படும் பக்கங்களை முன்னரே ஆயத்தமாக வைக்கின்றனர். ஒருவர் ஒரு நிமிடத்தில் கேட்கக்கூடிய பக்கங்களுக்கு வரம்பு விதிக்கின்றனர்.

கிணற்றை மூடிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால், தாகத்தோடு வருபவர் எங்கே போவார்? குடத்தோடு வருபவருக்கு வழிவிட்டு, இயந்திரத்தோடு வருபவரைத் தடுப்பதே இத்தன்னார்வலர்களின் அன்றாடப் போராட்டம்.